மாஸ்கோவின் கண்ணாடி மேசை

மாஸ்கோவில் 1936ஆம் ஆண்டு ஜூன் மாதம் சோவியத் அரசு தொடங்கி, அடுத்த ஆண்டிலேயே சோயூஸ்முல்ட்பிலிம் என்று பெயர் மாற்றிய அசைவூட்டப் படக்கூடம், குழந்தைகளுக்கான படங்களை ஆண்டுத் திட்டத்தின்படி குறித்த எண்ணிக்கையில் எடுத்துத் தருவதற்காக நிறுவப்பட்டது. அத்தகைய கூடத்திலிருந்து, சுருக்கிச் சொல்வதற்குக் கதை என்று அதிகம் இல்லாத, மிக மெதுவாக நகர்கிற, பார்ப்பவர் ஒவ்வொருவரும் தம் வாழ்வைக் கொண்டு பொருள் கொள்ளத்தக்க சில படங்கள் 1970களில் வெளிவந்து, அசைவூட்டக் கலையின் உச்சங்களாக உலகெங்கும் எண்ணப்படுகின்றன. மங்கலாக இருப்பதால்தான் இவை மனத்தைக் கவர்கின்றன என்ற எண்ணம் பரவலாக உண்டு. அவை உருவான மேசையையும் உருவாக்கிய கைகளையும் கூர்ந்து பார்த்தால் இதற்கு நேர்மாறான முடிவுக்கே வரவேண்டியிருக்கிறது. அப்படங்களில் மங்கலானது எதுவும் இல்லை, ஒவ்வொரு படிமமும் மிகுந்த துல்லியத்தோடு செய்யப்பட்டிருக்கிறது, அந்தத் துல்லியமே பார்ப்பவரின் மனத்தை அவ்வளவு தூரம் விரியச் செய்கிறது.

ரஷ்யாவில் அசைவூட்டம் புரட்சிக்கு முன்பே தொடங்கிவிட்டது. லதிஸ்லாவ் ஸ்தாரேவிச் 1912இல் வண்டுகளின் உடல்களைப் பொம்மைகளாக்கி எடுத்த குறும்படங்கள், உயிருள்ள பூச்சிகளைப் பழக்கி எடுத்தவையோ என்று பார்த்தவர்களை ஐயுற வைத்தன. ஆனால் புரட்சிக்குப் பின் அவர் பிரான்சுக்குக் குடிபெயர, அந்த மரபு மாஸ்கோவில் அறுபட்டது. 1935இல் மாஸ்கோவில் நடந்த திரைப்பட விழாவில் டிஸ்னியின் குறும்படங்கள் திரையிடப்பட்டபோது அவற்றின் வழவழப்பான அசைவும் தொழிற்சாலை ஒழுங்கும் சோவியத் அதிகாரிகளை ஈர்த்தன. அடுத்த ஆண்டு பிறந்த படக்கூடம் அந்த முறையையே கைக்கொண்டது. அதாவது, ஒருவர் முக்கியமான நிலைகளை வரைய, மற்றவர்கள் இடைநிலைகளை வரைந்து நிரப்ப, இன்னொரு பிரிவினர் அவற்றை ஒளிபுகும் செல்லுலாய்ட் தாளில் கோட்டுருவாகப் படியெடுக்க, வேறொரு பிரிவினர் வண்ணம் தீட்ட, இறுதியில் அத்தாள்களைப் பின்னணி ஓவியத்தின்மேல் அடுக்கிப் படம் பிடிப்பார்கள். நூற்றுக்கணக்கானோர் உழைத்தும் யாருடைய கைத்தடமும் தெரியாதிருப்பதே இம்முறையின் இலக்கணம். 1957இல் லெவ் அத்தமானோவ் எடுத்த ‘பனியரசி’ போன்ற அழகான படங்களை இம்முறை தந்தது என்பதை மறுக்க முடியாது. எனினும் தனியொருவரின் நினைவோ தயக்கமோ நுழைய அதில் இடுக்கு இல்லை.

ஸ்டாலின் மறைவுக்குப் பின் கலைகளின் மீதிருந்த பிடி சற்றே தளர்ந்த காலத்தில்தான் அந்த இடுக்கு உண்டாயிற்று. பியோதர் ஹித்ருக் 1962இல் எடுத்த ‘ஒரு குற்றத்தின் கதை’ தட்டையான வடிவங்களையும் அன்றாட நகர வாழ்வின் இரைச்சலையும் கொண்டுவந்து, அசைவூட்டப் படம் பெரியவர்களிடமும் பேசலாம் என்பதைக் காட்டியது. அதே ஆண்டுகளில், செல்லுலாய்ட் முறையில் நெடுங்காலம் பணியாற்றியிருந்த மூத்த இயக்குநர் இவான் இவானோவ்-வானோ வெட்டுருவ முறைக்குத் திரும்பினார். வெட்டுருவம் என்பது தாளிலோ செல்லுலாய்டிலோ வரைந்து வெட்டியெடுத்த தலை, உடல், கை, கால் முதலிய துண்டுகளைக் கேமராவுக்குக் கீழே கிடத்தி, ஒவ்வொரு சட்டகத்துக்கும் இம்மியளவு நகர்த்திப் படம் பிடிக்கும் முறையாகும். இதில் இடைநிலைகளை வரைந்து தருவதற்கு வேறொருவர் இல்லை. நகர்த்தும் கை ஒன்றே. முந்தைய நிலையை அழித்துவிட்டே அடுத்த நிலைக்குப் போக வேண்டியிருப்பதால் திரும்பிச் சென்று திருத்தவும் வழியில்லை. ஓர் அசைவு பிசகினால் அந்தக் காட்சியை முதலிலிருந்து எடுக்க வேண்டும். செலவு குறைவான, எளிய முறை என்று கருதப்பட்ட இது, உண்மையில் நடிப்புக்கு மிக நெருங்கிய முறை.

இந்த முறையைக் கலையாக உயர்த்திய யூரி நோர்ஷ்டெய்ன் 1941 செப்டம்பரில், ஜெர்மானியப் படையெடுப்பு தொடங்கி மூன்று மாதங்கள் கூட ஆகாத நிலையில், குடும்பம் மாஸ்கோவை விட்டுப் பாதுகாப்புக்காக இடம்பெயர்ந்திருந்த பென்சா பகுதிக் கிராமம் ஒன்றில் பிறந்தார். வளர்ந்தது மாஸ்கோவின் மாரினா ரோஷ்ச்சா பகுதியில், பல குடும்பங்கள் ஒரே சமையலறையைப் பகிர்ந்துகொண்ட பழைய வீடொன்றில். மரச்சாமான் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு, படக்கூடமே நடத்திய இரண்டாண்டுப் பயிற்சியில் சேர்ந்து, 1961இல் அசைவூட்டுநராகப் பணியேற்றார். இவானோவ்-வானோவுடன் சேர்ந்து 1971இல் எடுத்த ‘கெர்ஷெனெத்ஸ் போர்’ என்ற படத்தில், இடைக்கால ரஷ்யத் திருவுருவ ஓவியங்களும் சுவரோவியங்களும் வெட்டுருவங்களாக அசைந்தன. விரிசல் விட்ட பழைய வண்ணப்பரப்பு திரையில் உயிர்பெறும்போது அதன் விரிசலும் சேர்ந்தே உயிர்பெறுகிறது என்ற உண்மை அந்தப் படத்தில் நோர்ஷ்டெய்னுக்குக் கைவந்தது. பின்னாளைய படங்களில் எல்லாப் பொருள்களுக்கும் ஒரு பழமையும் தேய்மானமும் இருப்பது இதன் தொடர்ச்சி. அதன் பிறகு அவர் மனைவியும் ஓவியருமான பிரான்செஸ்கா யார்புசோவாவும் ஒளிப்பதிவாளர் அலெக்சாந்தர் ஜுகோவ்ஸ்கியும் சேர்ந்து அமைந்த சிறு குழு, பெரிய படக்கூடத்துக்குள் தனியொரு பட்டறையாகவே இயங்கத் தொடங்கியது. 1974இல் வந்த ‘நாரையும் கொக்கும்’ படத்தில், இடிந்த மாளிகைத் தோட்டத்தில் வாழும் இரு பறவைகள் மாறி மாறி ஒன்றையொன்று மணம் கேட்டு, மாறி மாறி மறுத்து, மறுத்த கணமே வருந்துகின்றன. நாட்டார் கதையில் நகைச்சுவையாக மட்டும் இருந்தது, மழையும் நாணல்களும் சூழ மெதுவாகச் சொல்லப்பட்டதும் தனிமையின் கதையாக மாறிவிட்டது.

இக்குழுவின் கருவி ஒரு பல தளக் கண்ணாடி மேசை. செங்குத்தாகக் கீழ்நோக்கிப் பொருத்தப்பட்ட கேமராவுக்கு அடியில், ஒன்றன்கீழ் ஒன்றாக இடைவெளி விட்டுக் கண்ணாடித் தகடுகள் அமைந்திருக்கும். மேல் தகட்டில் முன்னணிக் கிளைகள், அதன்கீழ் பாத்திரம், அதற்கும்கீழ் மரங்கள், அடியில் வானம் என்று காட்சி பிரித்து வைக்கப்படும். தகடுகளைப் பக்கவாட்டிலும் கேமராவை நோக்கியும் நகர்த்தலாம் என்பதால், தட்டையான துண்டுகளுக்கிடையே உண்மையான காற்றும் ஆழமும் உண்டாகும். ஒவ்வொரு தகட்டிலும் படியும் தூசும் கீறலும் கூட ஒளியை மாற்றும். பாத்திரமோ ஒரே வெட்டுருவம் அன்று. யார்புசோவா பல செல்லுலாய்ட் அடுக்குகளில் வண்ணம் தீட்டி உருவாக்கிய சிறு துண்டுகளின் தொகுப்பு. அண்மைக் காட்சிக்கு ஒன்று, தொலைவுக்கு ஒன்று என்று வெவ்வேறு அளவுகளில் அத்தொகுப்புகள் இருக்கும். அவற்றைச் சாமணத்தால் பிடித்து, முடியளவு நகர்த்தி, ஒரு சட்டகம் பதிவு செய்து, மீண்டும் நகர்த்த வேண்டும். ஒரு நொடிக்கு 24 சட்டகங்கள் ஓடும் திரையில் பத்து நிமிடப் படத்துக்கு 14,400 சட்டகங்கள் தேவை. ஒரு நிலையை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்திப் பதிவு செய்தாலும் 7,200 முறை கை இறங்கி எழ வேண்டும்.

1975இல் வெளிவந்த ‘மூடுபனியில் முள்ளெலி’ பத்து நிமிடச் சொச்சமே ஓடும் படம். அதில் பனியை உண்டாக்கிய விதம் இத்தொழிலின் வரலாற்றில் தனியிடம் பெற்றது. புகையோ இரசாயனமோ பயன்படுத்தப்படவில்லை. மிக மெல்லிய ஒளிகசியும் தாளொன்றைக் காட்சியின்மேல் பரப்பினால் கீழுள்ள உருவம் ஓரளவு தெளிவாகத் தெரியும். அதே தாளைச் சட்டகத்துக்குச் சட்டகம் சிறிது சிறிதாகக் கேமராவை நோக்கி உயர்த்தினால் உருவம் மெல்லக் கரைந்து வெண்மைக்குள் மறையும். குதிரை பனிக்குள் மறைவதும், மரம் பனியிலிருந்து வெளிப்படுவதும் அந்தத் தாளின் ஏற்ற இறக்கம்தான். ஆற்றுக் காட்சிக்கு மட்டும் உண்மையான நீரைப் படம்பிடித்து இணைத்தார்கள். முள்ளெலியின் முகம் கிடைப்பதற்கு யார்புசோவா எண்ணற்ற வரைவுகளை வரைந்து தள்ள வேண்டியிருந்தது. இறுதியில் அமைந்த அந்தப் பக்கவாட்டுத் தோற்றம், வியப்பும் அச்சமும் ஒரே நேரத்தில் தங்கக்கூடிய முகம்.

செர்கேய் கொஸ்லோவ் எழுதிய சிறு கதையில் நிகழ்வது மிகக் கொஞ்சம். நாள்தோறும் மாலையில் கரடிக்குட்டியின் வீட்டுக்குச் சென்று, தேநீர் அருந்தியபடி விண்மீன்களை எண்ணும் முள்ளெலி, ஒரு நாள் வழியில் பனிக்குள் நிற்கும் வெண்குதிரையைக் கண்டு, அது படுத்துத் தூங்கினால் பனியில் மூச்சு முட்டிவிடுமோ என்று எண்ணித் தானும் பனிக்குள் இறங்குகிறது. வழி தவறுகிறது, கையிலிருந்த ராஸ்பெர்ரி ஜாம் மூட்டையைத் தொலைக்கிறது, ஒரு நாய் அதைக் கொண்டுவந்து தருகிறது, ஆற்றில் விழ, முகம் காட்டாத யாரோ ஒருவர் நீருக்கடியிலிருந்து சுமந்து கரை சேர்க்கிறார். கரடியிடம் வந்து சேர்ந்தபின், கரடி ஓயாமல் பேசிக்கொண்டிருக்க, முள்ளெலியின் நினைவு குதிரையிடமே இருக்கிறது. இதை மரணத்தின் எல்லைவரை சென்று மீண்ட ஆன்மாவின் பயணம் என்று படித்தவர்கள் உண்டு. குழந்தைப் பருவம் முடியும் கணம் என்று படித்தவர்களும் உண்டு. எந்தப் படிப்பையும் படம் மறுப்பதில்லை, எதையும் உறுதிப்படுத்துவதுமில்லை. முள்ளெலி ஒரு குச்சியால் பனிக்குள் துழாவி, பெருமரம் ஒன்றின் அடியைத் தொட்டு, அதன் உயரத்தை அண்ணாந்து பார்க்கும் காட்சியில் மரம் மரமாகவே இருக்கிறது. அது மரமாக இருப்பதில் காட்டப்பட்ட அக்கறை அவ்வளவு முழுமையாக இருப்பதால்தான், பார்ப்பவருக்கு அது வேறொன்றாகவும் ஆகிறது.

குறியீடு என்ற சொல் இப்படங்களைப் பற்றிய பேச்சில் தாராளமாகப் புழங்குவதால், அதன் இரு வகைகளைப் பிரித்துக் காண்பது அவசியம். ஒவ்வொரு பொருளும் வேறொரு பொருளுக்கு நேராகப் பொருந்தி, திறவுகோல் கிடைத்ததும் முழுவதும் விளங்கிவிடும் வகை ஒன்று. அப்படி நேர்ப்பொருத்தம் இன்றி, சொன்னதற்கு அப்பால் ஓர் உணர்வை எழுப்பி நிற்பது மற்றொன்று. சங்கப் பாடல்களின் உள்ளுறைக்கும் இறைச்சிக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த வாசகருக்கு இது புதிதன்று. அதே படக்கூடத்தில் ஆந்திரேய் ஹிர்ஜானோவ்ஸ்கி 1968இல் முடித்த ‘கண்ணாடி ஹார்மோனிகா’ முதல் வகையைச் சேர்ந்தது. கறுப்புத் தொப்பி அணிந்த ஒருவன் நாணயத்தைக் காட்டி ஆளும் நகரில், இசைக்கருவி நொறுக்கப்பட, மக்கள் விலங்குருக்களாகத் திரிகிறார்கள். இசை மீண்டதும் மறுமலர்ச்சிக் கால ஓவியங்களின் மனிதர்களாக எழுகிறார்கள். அல்பிரெட் ஷ்னிட்கெயின் இசையோடு அமைந்த துணிச்சலான இப்படத்தின் தொடக்கத்தில், இது முதலாளியச் சமுதாயத்தைப் பற்றியது என்று விளக்க வாசகம் சேர்க்கப்பட்டும், படம் தடைசெய்யப்பட்டுப் பெட்டிக்குள் போயிற்று. ப்ராகில் யிர்ஷி த்ரின்கா 1965இல் எடுத்த ‘கை’ என்ற பொம்மைப் படத்துக்கும், அவர் மறைந்தபின் அதே கதி நேர்ந்தது. பூந்தொட்டி செய்து வாழ நினைக்கும் கலைஞனைத் தன் சிலையைச் செய்யச் சொல்லி வற்புறுத்தும் மாபெரும் கை எதைக் குறிக்கிறது என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை, அதிகாரிகளுக்கும்தான். எனவே தணிக்கையை ஏமாற்றும் உத்தியாகவே இக்கலைஞர்கள் குறியீட்டைக் கைக்கொண்டார்கள் என்ற விளக்கம், உருவகப் படங்களுக்கே கூட முழுமையாகப் பொருந்தவில்லை. நோர்ஷ்டெய்னின் படங்களுக்கு அது சிறிதும் பொருந்தாது. அவற்றில் மறைத்து வைத்த செய்தி என்று ஒன்று இல்லை.

ஆனால் செய்தி இல்லாத படமும் அதிகாரிகளுக்குத் தொல்லையாகவே இருந்தது. சோவியத் முறையில் ஒரு படம் எடுக்க, முதலில் எழுத்து வடிவில் கதைச்சுருக்கம் தர வேண்டும். படக்கூடத்தின் கலைக்குழு அதை ஏற்க வேண்டும். பின்னர் கோஸ்கினோ எனப்பட்ட அரசுத் திரைப்படத் துறை ஒப்புதல் தர வேண்டும். முடிந்த படமும் அதே படிகளைக் கடக்க வேண்டும். எழுத்தாளர் லுத்மிலா பெத்ருஷேவ்ஸ்கயாவுடன் சேர்ந்து நோர்ஷ்டெய்ன் அளித்த வரைவு, நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்துவதற்கு மாறாக நினைவைப் பற்றியும் போருக்குப் பிந்தைய குழந்தைப் பருவத்தைப் பற்றியும் பேசியது. எடுக்க எடுக்கப் படம் வரைவை விட்டு வெகுதூரம் விலகிற்று. கட்டிலின் ஓரத்தில் புரளும் குழந்தையை ஓநாயின் பெயரால் அச்சுறுத்தித் தூங்கச்செய்யும் ரஷ்யத் தாலாட்டிலிருந்து எடுத்த ‘சின்னச் சாம்பல் ஓநாய் வரும்’ என்ற தலைப்பை கோஸ்கினோ ஏற்கவில்லை. துருக்கியக் கவிஞர் நாஸிம் ஹிக்மெத்தின் கவிதைத் தலைப்பொன்றை நோர்ஷ்டெய்ன் எடுத்துக்கொள்ள, 1979இல் முடிந்த அப்படம் ‘கதைகளின் கதை’ ஆயிற்று. முந்தைய படங்களுக்காக அதே ஆண்டில் அக்குழுவுக்கு வழங்கப்பட்ட சோவியத் அரசுப் பரிசு, புரியாத படம் என்று முணுமுணுத்தவர்களின் கையைக் கட்டிப்போட்டது.

அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும் இப்படத்தில் சில உலகங்கள் ஒன்றோடொன்று கலந்து வருகின்றன. இடிக்கப்படவிருக்கும் பழைய வீடு, அதில் தனியே தங்கியிருக்கும் ஓநாய்க்குட்டி. கவிஞன், மீனவன், கயிறு சுற்றிக் கொடுக்கும் காளை, தாண்டும் சிறுமி என்று வெறும் கோடுகளால் வரையப்பட்ட ஒளிமிக்க கடற்கரை. பனிக்காலப் பூங்காவில் ஆப்பிள் தின்றபடி, மரக்கிளையில் காகங்களோடு அமர்ந்து அவற்றுக்கும் ஆப்பிள் ஊட்டுவதாகக் கற்பனை செய்யும் சிறுவன், கீழே பெஞ்சில் மது அருந்தும் அவன் தந்தை. தெருவிளக்கின் கீழ் நடக்கும் நடனம். வீடு மாரினா ரோஷ்ச்சாவில் நோர்ஷ்டெய்ன் வளர்ந்த வீட்டின் சாயல் கொண்டது. ஓநாயின் கண்கள், நீரில் மூழ்கவிருந்து மீட்கப்பட்ட பூனைக்குட்டி ஒன்றின் புகைப்படத்திலிருந்து வந்தவை. படத்தின் மனித ஆழம் முழுவதும் அந்தக் கண்களில் இருக்கிறது என்று சொல்வது மிகையாகாது. மரணத்தை ஒருமுறை பார்த்துவிட்ட பார்வை அது, ஆனால் அந்த ஓநாய் செய்வதெல்லாம் தீ மூட்டி உருளைக்கிழங்கு சுடுவதும் தொட்டிலை ஆட்டுவதும்தான்.

நடனக் காட்சியை ஊன்றிப் பார்ப்பது தகும். போருக்கு முன் ரஷ்யாவெங்கும் ஒலித்த டாங்கோ மெட்டொன்றுக்கு இணைகள் மெல்ல ஆடுகின்றன. ஆடையும் சால்வையும் அசைவதைத் தவிர அதிக அசைவு இல்லை. திடீரென்று இசைத்தட்டில் முள் தடுக்கியது போல மெட்டு வெட்டுகிறது. அந்த வெட்டில் ஓர் ஆண் மறைந்துவிடுகிறான், பெண் கைகளை அதே நிலையில் வைத்தபடி நிற்கிறாள். மெட்டு தொடர்கிறது, மீண்டும் வெட்டுகிறது, இன்னொருவன் மறைகிறான். தொப்பியும் நீண்ட மழையங்கியும் அணிந்த உருவங்கள் இருளுக்குள் நடந்துபோகின்றன. பின்னர் போர்முனையிலிருந்து வரும் சாவறிவிப்புத் தாள்கள் பறவைகளாகப் பறந்து வருகின்றன. ஏறத்தாழ 2.7 கோடி உயிர்களை இழந்த நாட்டில் இக்காட்சிக்கு விளக்கம் தேவைப்படவில்லை. போரை அறியாத நாட்டினருக்கும் அது தேவைப்படாததற்குக் காரணம், வெடிகுண்டையோ பிணத்தையோ காட்டாமல், ஆடிக்கொண்டிருந்த கைகளுக்குள் உண்டாகும் வெற்றிடத்தை மட்டும் காட்டியதே. வெட்டுருவ முறையில் ஓர் உருவத்தை மறையச் செய்வது மேசையிலிருந்து ஒரு துண்டை எடுத்துவிடுவதுதான். கருவியின் மிக எளிய செயல் இங்கே படத்தின் மிகக் கனமான செயலாகிறது.

மெதுவாக நகர்வது இப்படங்களின் அலங்காரம் அன்று என்பதையும் இதே காட்சி காட்டுகிறது. மனம் ஒரு படிமத்தில் தங்கி, தன் நினைவுகளில் எதையோ தேடியெடுத்து அதன் பக்கத்தில் வைப்பதற்கு நேரம் வேண்டும்; வேகமான படத்தில் அடுத்த நிகழ்ச்சி அந்த நேரத்தைப் பறித்துக்கொள்கிறது. எனினும் மெதுவாக இருப்பது மட்டுமே போதுமானதன்று. நோர்ஷ்டெய்னைப் பின்பற்றி வந்த பல படங்களில் பனியும் இருளும் நீண்ட மௌனமும் இருந்தும் அவை நினைவில் நிற்கவில்லை, ஏனெனில் அந்த மௌனத்துக்குள் பார்ப்பதற்கு உருளைக்கிழங்கின் சூட்டை ஊதி ஆற்றும் ஓநாய் போன்ற ஒன்று இல்லை. ‘கதைகளின் கதை’ 1980இல் ஜாக்ரெப் விழாவின் உயர்பரிசைப் பெற்றது. 1984இல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக் போட்டிகளையொட்டி நடந்த அசைவூட்ட விழாவின் வாக்கெடுப்பில் எக்காலத்துக்கும் சிறந்த அசைவூட்டப் படமாகத் தெரிவு செய்யப்பட்டது. அதே ஆண்டில் ஜப்பானிய இயக்குநர் இஸாவோ தகஹாத்தா இந்த ஒரு படத்தைப் பற்றியே தனி நூல் எழுதி வெளியிட்டார். பார்த்து முடித்தவரை மறுபடி பார்க்கவும் யோசிக்கவும் எழுதவும் தூண்டும் ஆற்றலுக்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்தப் பட்டறை இருந்ததற்குக் காரணம், ஒரு குறும்படம் வசூலில் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லாத அரசுக் கூடம் அதைத் தாங்கியதே. சம்பளம், படச்சுருள், இசைக்குழு அனைத்தும் அரசின் பொறுப்பில் இருந்தன. ஆனால் அதே கூடத்துக்கு ஆண்டு இலக்கும் இருந்தது. நிக்கோலாய் கோகோலின் ‘மேல்கோட்டு’ கதையை 1981இல் எடுக்கத் தொடங்கிய நோர்ஷ்டெய்ன், ஏழை எழுத்தர் ஒருவர் விளக்கொளியில் எழுதும், உதடு குவிக்கும், விரல் நீட்டும் நுண்ணிய அசைவுகளில் மாதக்கணக்கில் ஆழ்ந்தார். 1980களின் நடுப்பகுதியில், வேலை மிக மெதுவாக நடக்கிறது என்ற காரணத்தால் சோயூஸ்முல்ட்பிலிமை விட்டு வெளியேற்றப்பட்டார். அவருக்குப் பொன் நத்தை என்ற பட்டப்பெயர் நிலைத்தது. சோவியத் ஒன்றியம் கலைந்து அரசுப் பணம் வற்றிய பின், பணமின்மையும், நெடுங்காலத் தோழரான ஜுகோவ்ஸ்கியின் மறைவும் வேலையை மீண்டும் மீண்டும் நிறுத்தின. நாற்பதாண்டுகள் கடந்தும் அது முற்றுப்பெறவில்லை. முடித்தவரை காட்டப்பட்ட பகுதிகளில் எழுத்தர் அக்காக்கி தனியே அமர்ந்து எழுதும் காட்சி ஒன்றே, மனித முகம் அசைவூட்டத்தில் எவ்வளவு தூரம் செல்லமுடியும் என்பதற்கு அளவுகோலாக நிற்கிறது. வேகமாக முடித்திருந்தால் இது கிடைத்திருக்காது. முடிக்காததால் எவ்வளவு இழந்தோம் என்பதையும் இதே காட்சிதான் உணர்த்துகிறது.

தொழில் மட்டும் கைமாறிச் சென்றது. 1993இல் ஹித்ருக், ஹிர்ஜானோவ்ஸ்கி, எதுவார்த் நசாரோவ் ஆகியோருடன் சேர்ந்து நோர்ஷ்டெய்ன் மாஸ்கோவில் ஷார் என்ற படக்கூடப் பள்ளியைத் தொடங்கினார். ஹித்ருக்கிடமும் நோர்ஷ்டெய்னிடமும் முன்பே பயின்றிருந்த அலெக்சாந்தர் பெத்ரோவ், வெட்டுருவத்தை விட்டுக் கண்ணாடியை மட்டும் வைத்துக்கொண்டார். உலராத எண்ணெய் வண்ணத்தை விரல் நுனிகளால் கண்ணாடித் தகட்டில் தீட்டி, படம்பிடித்து, அதையே துடைத்து மாற்றி அடுத்த சட்டகத்தை உருவாக்கினார். ஹெமிங்வேயின் ‘கிழவனும் கடலும்’ கதையை இருபது நிமிடப் படமாக்க இவ்வாறு 29,000க்கும் மேற்பட்ட ஓவியங்கள் தேவைப்பட்டன. 1999இல் முடிந்து அடுத்த ஆண்டு ஆஸ்கர் விருது பெற்ற அந்தப் படம் மாஸ்கோவில் எடுக்கப்பட்டதன்று. கனடாவின் மான்ட்ரியலில், கனடிய, ஜப்பானிய நிறுவனங்களின் பங்களிப்போடு எடுக்கப்பட்டது.